அக்கறைப் புள்ளிகள்

விடியற்காலையில் பூங்காவனம் பேராசிரியர் சந்திரசூடனின் உடல்நலத்தைக் கையில் கட்டிக்கொண்டு வந்து அவர் வீட்டு அழைப்பு மணியை அழுத்துவாள். அவர் கொட்டாவி விட்டபடி கதவைத் திறந்து, அவளுடைய மணிக்கட்டில் இருக்கும் பட்டைக்கு நேராக வலது கண்ணைக் காட்டுவார். "வணக்கம் சந்திரசூடன், இன்றும் நடப்போம்" என்று பட்டை சொல்லும். அவர் மறுபடியும் படுக்கப் போவார். அவள் நடக்கப் போவாள்.

பல்லாவரம் குன்றின் மேல் எழும்பியிருந்த அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் இதை யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை. எல்லாத் தளங்களிலும் அதே நேரத்தில் அதே கொட்டாவியும் அதே கண்ணும்தான். துணி துவைக்க ஆள், சமைக்க ஆள், நடக்க ஆள். நடையாட்கள் வேலைக்காரர்களுக்கான தனி லிப்டில் இறங்கி, மேம்பாலத்தில் ஏறி, முதலாளிகளின் ஆயுளைக் கூட்டிவிட்டு மாலையில் வீடு திரும்புவார்கள்.

கடல் சென்னைக்குள் வந்து பாதி மருத்துவமனைகளை விழுங்கிய பிறகு, மிச்சம் இருக்கும் சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி எழுந்தது. பணம் இருப்பவனுக்கு என்று சொல்ல அரசுக்கு வெட்கமாக இருந்தது. அதனால் உடல்நலத்தில் அக்கறை இருப்பவனுக்கு என்று சட்டம் போட்டார்கள். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். ஆளுக்கொரு அக்கறைப்பட்டை கொடுத்தார்கள். நடந்தால் புள்ளி, காய்கறி தின்றால் புள்ளி, நன்றாகத் தூங்கினால் புள்ளி. படித்தவர்களுக்கு அக்கறை இயல்பாகவே அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னதால் பட்டதாரிகளுக்கு இருபது புள்ளி இலவசம். நாற்பது புள்ளிக்குக் கீழே இருப்பவனுக்கு ஆலோசனை மட்டும் உண்டு. ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

அந்த ஆய்வைச் செய்தவர் சந்திரசூடன்தான். அக்கறை வாரியத்தின் தலைவரும் அவரே. அறுபத்தெட்டு வயதில் தினமும் பதினாலாயிரம் அடி நடக்கிறார் என்று பள்ளிப் பாடப்புத்தகத்தில் அவர் படம் வந்திருந்தது.

ஓர் உடம்பில் ஒரு பட்டைதான் வேலை செய்யும். இரண்டு கட்டினால் இரண்டுமே ஊமையாகிவிடும். தூக்கத்துக்கும் புள்ளி உண்டு என்பதால் பேராசிரியரின் பட்டை இரவிலும் பூங்காவனத்தின் கையில்தான் இருக்கும். அவளுடைய சொந்தப் பட்டை வீட்டில் மூலையில் கிடந்தது. ஆகச் சட்டத்தின் கண்ணுக்குப் பூங்காவனம் மூன்று வருடமாக அசையாமல் படுத்தே கிடந்தாள்.

அந்த வருடம் மேம்பாலம் ஏறும்போது அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. பேராசிரியரின் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தன்னுடையதைக் கட்டிக்கொண்டு தெருமுனையில் இருந்த நலக்கூண்டுக்குள் போய் நின்றாள். கூண்டிலிருந்த மருத்துவ எந்திரம் அவள் நெஞ்சைப் பார்க்கவில்லை, புள்ளியைத்தான் பார்த்தது. ஒன்பது. தினமும் நடக்கும்படியும், கீரை சாப்பிடும்படியும், கவலைப்படாமல் எட்டு மணி நேரம் தூங்கும்படியும் சொல்லி அனுப்பிவிட்டது.

அவள் நெஞ்சைப் பார்த்தது பேராசிரியரின் பட்டைதான். மறுவாரம் சந்திரசூடன் வடையும் பொங்கலுமாகக் காலை உணவில் இருந்தபோது வாரியத்திலிருந்து செய்தி வந்தது. அவருடைய இதய வால்வு ஒன்று பழுதாகிவிட்டது, உடனே அறுவைச் சிகிச்சை வேண்டும், புள்ளி ஏராளமாக இருப்பதால் செலவில்லை, முதல் இடம் அவருக்கே. அவர் ஒரு நிமிடம் பதறிப்போய்த் தன் நெஞ்சைத் தடவினார். பிறகு அது யாருடைய நெஞ்சு என்பது நினைவுக்கு வந்தது. நிம்மதியாக இன்னொரு வடையை எடுத்துக்கொண்டார். மறுநாள் அவள் வந்ததும் உள்ளே அழைத்து விசாரித்தார்.

"மேம்பாலம் ஏறச்சொல்ல மூச்சு வாங்குது சார்" என்று அவள் ஒப்புக்கொண்டாள்.

"முன்னாடியே சொல்லியிருக்க வேண்டாமா? ஒடம்பு விஷயத்துல இவ்வளவு அலட்சியமா இருக்கலாமா நீ?"

செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டிய கேள்வி இது. அவள் அடிக்கவில்லை. வாரியத்தின் செய்தி என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு, மூன்று வருடத்தில் முதன்முறையாக, அவரிடம் ஒன்று கேட்டாள்.

"அந்த ஆபரேசனுக்கும் நானே போய்ட்டு வந்துர்றேன் சார். உங்க பேர்ல நடக்கப் போறேன்ல, அதே மாரி."

சந்திரசூடன் உண்மையிலேயே அதிர்ந்து போனார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பவர். ஆனால் அவருக்கென்று சில கொள்கைகள் இருந்தன.

"அது மோசடி இல்லையா, பூங்காவனம்?" என்றார். "வேற ஒருத்தருக்குச் சேர வேண்டிய சிகிச்சைய நாம எடுத்துக்கலாமா?"

அன்றோடு அவளுக்கு வேலை போயிற்று. அவர் வாரியத்திடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டு, இயற்கை முறையில் குணப்படுத்திப் பார்ப்பதாகச் சொன்னார். கல்லுப்போலத் திடமான இதயம் உள்ள ஒரு பெண்ணைப் பிடித்துப் பட்டையை மாட்டிவிட்டார். இதயமே மாறியிருக்கும் என்று சந்தேகப்பட அந்த எந்திரங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வால்வு தானாகவே சரியாகிவிட்டதாக அறிவித்தன. பத்திரிகைகள் கொண்டாடின. மனிதனின் அக்கறைக்கு முன் கத்தி எதற்கு என்று அவர் பேட்டி கொடுத்தார். குன்றிலிருந்து இறங்கும் நடையாட்கள் எல்லாரும் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிக் காறித் துப்பினார்கள்.

பூங்காவனம் தன் பட்டையைத் தூசி தட்டிக் கட்டிக்கொண்டாள். தங்கை அஞ்சலை ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்காக நடந்து கொண்டுவரும் கூலியில் இருவரும் சாப்பிட்டார்கள். அஞ்சலையின் பங்குக் கீரையும் அக்காவின் தட்டுக்கே போயிற்று. பழுதான இதயத்தைச் சரிசெய்யப் புள்ளி வேண்டும். புள்ளிக்கு நடக்க வேண்டும். நடக்கத்தான் அந்த இதயத்தால் முடியவில்லை. இதை வகுத்தவன் கையில் கிடைத்தால் அதே மேம்பாலத்தில் ஏறி இறங்கச் சொல்லலாம். அவள் பத்து அடிக்கு ஒருதரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, நின்று நடந்தாள். மாதங்கள் போயின. கடைசியில் முப்பத்தொன்பது புள்ளி வந்தது. அதற்கு மேல் கால் எழவில்லை.

வாரியம் குன்றின் அடிவாரத்தில் நடத்தும் விழிப்புணர்வு வகுப்பில் கடைசி வரை உட்கார்ந்திருந்தால் ஒரு புள்ளி உண்டு என்று அஞ்சலை விசாரித்துவந்தாள். அந்த ஒரு நாளைக்கு மட்டும் நடையாட்கள் சொந்தப் பட்டையைக் கட்டிக்கொள்ளலாம் என்று முதலாளிகள் விட்டுக்கொடுத்திருந்தார்கள். அந்தத் தாராளத்துக்கு முதலாளிகளுக்கும் புள்ளி சேர்ந்தது.

மண்டபம் நிரம்பி வழிந்தது. அஞ்சலை அக்காவைத் தாங்கி அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தாள். வாயைத் திறக்காதே, ஒரு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு, நாளைக்கே ஆஸ்பத்திரி என்று காதில் சொன்னாள். பூங்காவனம் தலையாட்டினாள்.

மேடைக்கு வந்தவர் சந்திரசூடன். குறைந்த வருமானக்காரர்கள் ஏன் உடம்பைப் பேணுவதில்லை என்று விளக்கினார். படிப்பில்லாததால் உடம்பின் அருமை தெரிவதில்லை என்றார். கூலியைக் கண்டதைத் தின்று தீர்த்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். பிறகு தன் வெறும் மணிக்கட்டை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வால்வு கெட்டுப்போச்சு. நான் ஆபரேசனுக்கு ஓடல. நடந்தேன். என்னால முடிஞ்சது உங்களால ஏன் முடியாது?"

பூங்காவனம் வாயைத் திறக்கவில்லை. முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாயை அடக்கலாம், நெஞ்சை எப்படி அடக்குவது? உட்கார்ந்த இடத்தில் இதயம் வேகமாக அடித்தால் அது கோபம் என்று பட்டைக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அது மணிக்கட்டில் அதிர்ந்தது. "கோபம் உடல்நலத்துக்குக் கேடு. ஐந்து புள்ளிகள் கழிக்கப்பட்டன."

அஞ்சலையின் கையிலும் அதிர்ந்தது. பக்கத்து நாற்காலியில் அதிர்ந்தது. பின்வரிசையில், அதற்குப் பின்வரிசையில், மண்டபம் முழுக்க, ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்த அத்தனை பேரின் மணிக்கட்டிலும் அதே குரல் எழுந்தது. மேடையில் இருந்தவருக்கு அது கைதட்டல் மாதிரிக் கேட்டிருக்க வேண்டும். கும்பிட்டார்.

அந்த வகுப்புக்குப் பிறகு குறைந்த வருமானக்காரர்களின் சராசரிப் புள்ளி மேலும் சரிந்துவிட்டதாகப் பேராசிரியரின் அடுத்த ஆய்வு கண்டுபிடித்தது. எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் இவர்களுக்கு உறைப்பதில்லை என்றும், வகுப்புகளை இரட்டிப்பாக்க வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது.

அடுத்த வகுப்புக்கு அஞ்சலை மட்டும் வந்தாள். அக்கா ஏன் வரவில்லை என்று வாசலில் இருந்த எந்திரம் கேட்டது.

"செத்துப்போச்சு" என்றாள்.

வரவில்லை, அக்கறை இல்லை என்று எந்திரம் குறித்துக்கொண்டது.