விளக்கை அணைக்காதவள்

"என் புருஷன் செத்ததுக்கு நான்தான் காரணமான்னு பார்த்துச் சொல்லணும், அண்ணே" என்று அவள் கார் சாவியை மேசைமேல் வைத்தாள்.

கார் எலக்ட்ரீசியன் கையைத் துடைத்துக்கொண்டு அவளை உட்காரச் சொன்னார். பக்கத்தில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அவருடைய மைத்துனன் வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்தான்.

பதினோரு நாளைக்கு முன்பு, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி. சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவருக்கு வாய் கோணியது, பேச்சு நின்றது. அவளும் கொழுந்தனும் சேர்ந்து அவரைக் காரில் ஏற்றினார்கள். கொழுந்தனுக்கு ஓட்டத் தெரியாது. அவள் சாவியைத் திருப்பினாள்.

"கிளம்பலியா?"

"கிளம்பல. ஒரு சத்தம்கூட வரல. ஒரு லைட்டும் எரியல. அவர் இடது கையால பானெட்டைக் காட்டிக் காட்டி, விரலைத் திருகித் திருகிக் காமிச்சார். சாவியைத் திருப்பச் சொல்றார்னு நெனச்சு திருப்பிட்டே இருந்தேன். வாடகை வண்டி வர முக்கால் மணி ஆச்சு. வழியிலேயே போயிட்டார். முந்தின நாள் நான் பையை எடுக்கும்போது உள்ளே விளக்கை அணைக்காம விட்டுட்டேனாம். கொழுந்தன் சொல்றார். எல்லாரும் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்கு ஞாபகம் இல்லண்ணே."

"கேஸ் முடிஞ்சுது மச்சான்!" என்றான் மைத்துனன். "விடிய விடிய விளக்கு எரிஞ்சா பேட்டரி காலி."

"மாப்ளே, வாயை மூடிட்டு மீட்டரை எடு."

அவள் தலை குனிந்தாள். "என் பொண்ணு அன்னியிலிருந்து எங்கூடப் பேசல. சித்தப்பா வீட்டுக்கே போறேன்னு பெட்டி கட்டி வச்சிருக்கா. நான் பண்ணலன்னா அவகிட்டச் சொல்லணும். பண்ணியிருந்தா நான் பட்டுக்கிறேன்."

எலக்ட்ரீசியன் காருக்குள் தலையை விட்டார். சுவரில் மணி பத்து இருபது. காரின் கடிகாரத்தில் ஏழு. இரண்டையும் ஒரு அட்டையில் எழுதிக்கொண்டார்.

"இது எப்பவுமே தப்பாத்தான் இருக்கும்" என்றாள் அவள். "தினமும் காலையில அதைச் சரி பண்ணிட்டுத்தான் அவர் ஆபீசுக்குக் கிளம்புவார். அவர் கைக்குத்தான் இந்த வண்டி கட்டுப்படும். அவர் வீட்ல இருக்கிற நாள்ல நான் எடுக்கப் போனா கிளம்பவே கிளம்பாது. எங்க அக்கா வீட்டுக்குப் போகலாம்னு நாலஞ்சு தடவை சாவி போட்டுப் பார்த்திருக்கேன். உன் கை பட்டாலே செத்துருதுடின்னு எல்லார் முன்னாலயும் சிரிப்பார்."

பானெட் திறந்தது. பேட்டரியின் ஒரு முனையில் வெள்ளைப் பொடி பூத்து, நட்டு துருவேறிக் கிடந்தது. மற்ற முனையின் நட்டோ பளபளத்தது. அதன் மூலைகள் தேய்ந்து மழுங்கியிருந்தன. பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்த்தார். மீட்டரின் முள் கொஞ்சம் இறங்கி, அசையாமல் நின்றது.

"ஆஸ்பத்திரியில அவர் சட்டைப் பையிலேர்ந்து எடுத்துக் கொடுத்திருப்பாங்களே, என்னென்ன இருந்தது?"

"கண்ணாடி, பேனா, சின்னதா ஒரு ஸ்பேனர்."

"அவர் மெக்கானிக்கா?"

"கணக்கு ஆபீசர். ஒரு ஆணி அடிக்கத் தெரியாது."

"வண்டி இங்கேயே நிக்கட்டும். சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கொழுந்தனையும் பொண்ணையும் கூட்டிட்டு வாங்க."

ஐந்து மணிக்கு மூவரும் வந்தார்கள். மகள் தாயிடமிருந்து தள்ளி, சித்தப்பாவின் நிழலில் நின்றாள்.

"அன்னிக்குச் செத்துக் கிடந்த வண்டி மறுபடி எப்படி ஓடுச்சு?" என்று கேட்டார் எலக்ட்ரீசியன்.

கொழுந்தன் அலட்டிக்கொள்ளவில்லை. "மூணாம் நாள் காலையில, எட்டு மணிக்கு. பக்கத்து வீட்டு வண்டியிலேர்ந்து கேபிள் கொடுத்தோம். அண்ணி அணைக்காத விளக்குக்கு நாங்க பட்ட பாடு!"

"அந்த விளக்கு பேட்டரியைக் கொல்லணும்னா ரெண்டு நாள் விடாம எரியணும், சார். பேட்டரி இளைச்சுப்போனா வண்டி டிக்டிக்னு முனகும், லைட்டு மங்கலா எரியும். இது மூச்சே விடல. பேட்டரி நல்லாத்தான் இருந்திருக்கு. ஒயரை யாரோ கழட்டி வச்சிருக்காங்க."

"யாரு மச்சான்?" மைத்துனனுக்குப் பொறுக்கவில்லை.

"ஒயரை மாட்டினதும் இந்த வண்டியோட கடிகாரம் பன்னெண்டிலேர்ந்து ஓட ஆரம்பிக்கும். காலையில மூணு மணி இருபது நிமிஷம் பின்னாடி இருந்தது. இப்பவும் அதே அளவு. நாள் பூரா ஒரு நிமிஷம் தவறல. அப்படின்னா அது பன்னெண்டு காட்டினப்போ நிஜ நேரம் மூணு இருபது, மாட்டினது அப்பத்தான். பகலா ராத்திரியா, எந்த நாளுன்னு கடிகாரத்துக்குத் தெரியாது. ஆனா காலை எட்டு மணி இல்ல."

மகள் நிமிர்ந்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டார்னு அன்னிக்கு நீங்க எனக்கு போன் பண்ணது மூணரைக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்துட்டேன், கார் பக்கத்துல நிக்கிறேன்னு சொன்னீங்க. அம்மா விளக்கை அணைக்கலன்னு அதே போன்லதான் சொன்னீங்க."

கொழுந்தன் நெற்றியைத் துடைத்தார். "பானெட்டைத் திறந்தேன். ஒயர் கழண்டு கிடந்தது. மாட்டினேன். அண்ணன் பேரு கெடக் கூடாதேன்னுதான்..."

"அப்பா பேரு எதுக்குக் கெடணும்?"

எலக்ட்ரீசியன் மகளைப் பார்க்காமல் பேசினார். "அந்த நட்டை வருஷக்கணக்கா தினமும் யாரோ கழட்டி மாட்டியிருக்காங்க. கழட்டினவருக்குத்தான் தினமும் காலையில கடிகாரத்தைச் சரி பண்ற வேலை. பையில ஸ்பேனர். உங்க அம்மா அவங்க அக்கா வீட்டுக்குப் போக முடியாது. அன்னிக்கு விரலைத் திருகிக் காமிச்சது சாவியை இல்லம்மா, அந்த நட்டை."

தாய்க்கு அந்த விரல்கள் தெரிந்தன. முக்கால் மணி நேரம் அவர் கெஞ்சியிருக்கிறார். அவள் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமா சித்தப்பா? அப்பா கழட்டி வைப்பார்னு?"

"தெரியும்."

"அப்போ அன்னிக்கு, அம்மா சாவி போட்டப்போ?"

"பதட்டத்துல தோணலம்மா. சத்தியமா தோணல. ஆஸ்பத்திரியிலதான் தோணுச்சு."

கொழுந்தன் செருப்பைத் தேய்த்தபடி தெருவில் இறங்கிப் போனார். மகள் அவர் பின்னால் போகவில்லை. பானெட் அருகே வந்து, பளபளத்த அந்த நட்டைக் குனிந்து பார்த்தாள். பிறகு தாயின் பக்கம் திரும்பினாள்.

"இத்தனை வருஷம் நீ ஒரு தடவைகூட இதைத் திறந்து பார்க்கலியாம்மா?"

பதினோரு நாளில் மகள் தன்னிடம் பேசிய முதல் வார்த்தை அது என்பதால், அவள் முதலில் அந்தக் குரலை மட்டுமே கேட்டாள்.