சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்பிரிங்க்ளர்

வரைபடத்தில் அந்த வரிசையில் ஏழு வட்டங்கள் இருந்தன. கூரையில் ஆறுதான்.

பாண்டிசெல்வி அண்ணாந்து இன்னொரு முறை எண்ணினாள். ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. இயந்திரங்கள் நின்றுபோன மதிய அமைதியில், பஞ்சு குடோனுக்குள் பொதிகளின் வாசமும் ஈரச் சுண்ணாம்பு வாசமும் கலந்து அவள் தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் அவளுக்கு வேலை. தீயணைப்புக் குழாய்கள் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கின்றன என்று அவள் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் காலை அதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள்.

தாளின் ஓரத்தில் குறிகளுக்கு விளக்கம் இருந்தது. தடித்த கோடு மெயின் குழாய். மெல்லிய கோடு கிளைக் குழாய். வெறும் வட்டம், தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கக் கூரையில் தொங்கும் ஸ்பிரிங்க்ளர். மெல்லிய கோடு மேற்குச் சுவரைத் தாண்டிப் போய் ஏழாவது வட்டத்தில் முடிந்தது. மேலே சிவப்புக் குழாயும் அப்படியே சுவருக்குள் நுழைந்தது.

"தனுஷ்கோடி அண்ணே, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

தனுஷ்கோடி ஆலையின் ஃபோர்மேன். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர். காலையிலிருந்து அவள் கூடவே எல்லா இடத்துக்கும் வந்தவர், இந்தக் குடோனுக்குள் மட்டும் வராமல் ஷட்டருக்கு வெளியிலேயே நின்றார்.

"ஒண்ணும் இல்லம்மா. வெட்டவெளிதான்."

"அப்ப குழாய் எங்க போகுது?"

"அது சும்மா நீட்டி விட்டது. ஆறுன்னு எழுதிருங்க. கரண்ட் போறதுக்குள்ள கெளம்பலாம்."

அவள் டேப்பை எடுத்தாள். உள்ளே நாற்பத்தெட்டு அடி. வெளியே போய் வெயிலில் அளந்தாள். அறுபது. பன்னிரண்டு அடியைக் காணவில்லை. அவர் அவளைப் பார்க்காமல் மலைப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். எதையோ மறைக்கிறார் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"கழிவுப் பஞ்சு அறைன்னு பழைய வரைபடத்துல இருக்கே அண்ணே."

"இருந்துச்சு. ஆடி மாசம் அடைச்சாச்சு."

"ஏன்?"

"ஒழுகுச்சு."

அவள் மறுபடி உள்ளே வந்தாள். சுவரருகே, அந்தக் குடோனுக்கு மட்டும் தண்ணீரை நிறுத்தும் வால்வுச் சக்கரம் மார்பு உயரத்தில் இருந்தது. பக்கத்தில் அழுத்தம் காட்டும் மீட்டர். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் முள் இறங்கியது. தூரத்தில், அழுத்தத்தை ஏற்றும் சின்ன பம்ப் ஓடியது. முள் ஏறியது. பம்ப் நின்றது. மறுபடியும் முள் இறங்கியது.

ஸ்பிரிங்க்ளர் ஒன்று திறந்து கிடந்தால்தான் இப்படி ஆகும். மற்ற ஆறும் மூடித்தான் இருந்தன. சூட்டில் உடைந்து தண்ணீரைத் திறந்துவிடும் அவற்றின் சிவப்புக் கண்ணாடிக் குமிழ்கள் உடையவில்லை. அடைத்த அறையில் மாசக்கணக்காகத் தண்ணீர் கொட்டினால் சுவர் ஊறி விழுந்திருக்க வேண்டும். குனிந்து அடிச்சுவரைத் தடவினாள். காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

காலையில் கேட்டில் மூன்று டேங்கர் லாரிகள் நின்றது ஞாபகம் வந்தது. ஓடாத ஆலைக்கு எதற்கு அம்புட்டுத் தண்ணீர்?

அவள் காதைச் சுவரில் வைத்தாள். தண்ணீர் விழும் ஓசை கேட்டது. தரையில் விழும் ஓசையாக அது இல்லை. கொஞ்சம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. மடக்கு மடக்காக.

வால்வுச் சக்கரத்தைப் பிடித்தாள்.

"அதைத் தொடாதீங்கம்மா." தனுஷ்கோடியின் குரல் மாறியிருந்தது.

"உள்ள யாரை வச்சு அடைச்சிருக்கீங்க?"

"யாரையும் நாங்க வைக்கல. அடைச்ச பொறவுதான் அது அங்க இருந்துச்சு. தண்ணி போயிட்டே இருந்தா பேசாமக் கெடக்கும். விட்டுருங்க."

அவள் நம்பவில்லை. சக்கரத்தைச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு, இறுகும்வரை.

சுவருக்குப் பின்னால் ஓசை நின்றது.

"மூடிட்டீங்களா?" என்றார் அவர், மிக மெதுவாக.

பிறகு ஷட்டர் கடகடவென்று இறங்கியது. வெளியே பூட்டு மாட்டும் சத்தம்.

"அண்ணே. அண்ணே, தெறங்க."

செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது.

இருட்டு. ஷட்டருக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம்; அதில் சுவர் மங்கலாகத் தெரிந்தது. ஓட நினைத்தாள். சக்கரத்தைப் பிடித்த கை வரவில்லை.

மேலே, குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில், காரை உதிர்ந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

விரல்கள். வெளுத்தவை. ரொம்ப நாள் நீரில் ஊறியவை போல.

குழாயைத் தடவின. உள்ளங்கை வந்தது. மணிக்கட்டு வந்தது. முழங்கை வந்தது.

அதற்குப் பிறகு, அதே கையில், இன்னொரு முழங்கை வந்தது.

அது குழாயைப் பற்றியபடி கீழே இறங்கியது. மீட்டரைத் தொட்டுப் பார்த்தது. சக்கரத்தைத் தேடியது. அவள் கைமேல் வந்து படிந்தது. சில்லென்று. மெதுவாக, அவள் கையோடு சேர்த்து, சக்கரத்தைத் திருப்பியது. ஒரு சுற்று. இரண்டு.

சுவருக்குப் பின்னால் மடக்கு மடக்காகத் தண்ணீர் போகத் தொடங்கியது.

கை அவளை விடவில்லை.