இரண்டு பல் முன்னால்

ஓட்டுநர் சீட் மறுபடியும் இரண்டு பல் முன்னால் நகர்ந்திருந்தது.

அவன் நெட்டையன். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளினால்தான் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்காது. போன வாரம் தள்ளி வைத்ததும் நன்றாக நினைவிருந்தது. ஷெட்டுக்கு ஒரே சாவி, அதுவும் அவன் பையில். முப்பது வருஷத்து வண்டி, சீட் ஓடும் தடத்தின் பல் தேய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பின்னால் தள்ளினான்.

அவன் பல் செட் செய்பவன். வாரம் முழுக்க முகம் தெரியாத யார் யார் வாய்க்கோ பல் கட்டிக் கொடுத்தாலும், அவன் வாய்விட்டுப் பேச ஆளில்லை. மனைவி பிரிந்துபோய் இரண்டு வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளுவதற்காகவே இந்த இரண்டு கதவு ஜப்பான் வண்டியை வாங்கினான். இன்ஜினுக்கு வேகம் கூட்டும் பழைய டர்போவை எடுத்துவிட்டுப் பெரியதாகப் போட்டான். அந்த வேகத்தைக் கிளட்ச் தாங்கவில்லை; ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறும், வண்டி நகராது. அதனால் இன்று கியர்பாக்ஸை இறக்கிக் கிளட்ச் மாற்றுகிற வேலை.

குடியிருப்புக்குப் பின்னால் வரிசையாக இருந்த வாடகை ஷெட்டுகளில் அவனுடையது கடைசி. பிற்பகல் மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருக்க, நான்கு ஸ்டாண்டுகள் மேல் நின்ற வண்டிக்கு அடியில், சக்கரப் பலகையில் மல்லாந்து கிடந்தான். கியர் ஆயிலின் அழுகல் நெடியும், சூடு ஆறும் இரும்பு எங்கோ டிக் டிக் என்று சுருங்கும் சத்தமும், பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே ஊர்ந்து வரும் ஈரக் காற்றும் அவனுக்குப் பழகிய துணைகள். இறக்கிய கியர்பாக்ஸ் வலது விலாவை ஒட்டி ஜாக்கியின் மேல் இருந்தது.

சூடு ஆறும் இரும்பு. ஆனால் இன்ஜினை ஓட்டி ஒரு வாரமாகிறது.

தரையில் கிடந்த போன் அடித்தது. அக்கா. எண்ணெய்க் கையின் முழங்கையாலேயே ஸ்பீக்கரை அழுத்தினான்.

"எங்கடா இருக்க?"

"வண்டிக்கு அடியில."

"தனியாவா? அது மேல விழுந்தா கேக்கக்கூட நாதி கிடையாதுடா."

"தனியா இல்லக்கா. பிரெண்டு ஒருத்தன் கூட இருக்கான்."

பொய். பல் செய்வது போலவே அக்காவுக்கு அவ்வப்போது இப்படி ஒரு பிரெண்டைச் செய்து கொடுப்பான். அவள் நிம்மதியாகத் தூங்கட்டுமே.

"அப்படியா! போனைக் குடு, ஒரு வார்த்தை பேசறேன்."

"கை பூரா கிரீஸுக்கா அவனுக்கு…"

மேலே, ஓட்டுநர் கதவு திறந்தது.

வண்டி ஸ்டாண்டுகள் மேல் முனகியது. யாரோ ஏறி உட்கார்ந்தால் முனகும் அதே முனகல். பிறகு சீட் நகர்ந்தது. டக். டக்.

போனில் அக்கா சிரித்தாள். "ஆமாங்க, நான்தான் அவன் அக்கா… ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க… நீங்க பாத்துக்கறேன்னு சொல்றீங்களே, எனக்கு அது போதும்."

அவன் காதில் மழையைத் தவிர எதுவும் விழவில்லை.

"அக்கா, வைக்காத…"

குரல் வெளியே வரவில்லை.

"சரிங்க. வச்சிடறேன்."

லைன் துண்டானது.

இடது பக்கம் தலையைத் திருப்பினான். திறந்த கதவின் அடிவிளிம்பு தெரிந்தது. அதற்குக் கீழே ஈரத் தரை. கால்கள் இல்லை. வலது பக்கம் கியர்பாக்ஸ் வழியை அடைத்திருந்தது. வெளியேற வேண்டுமென்றால் அந்தக் கதவுக்கு அடியில்தான் போக வேண்டும்.

கிளட்ச் பெடல் அமுங்கியது. கிறீச். விட்டது. மறுபடி அமுங்கியது. எதோடும் இணைப்பில்லாத பெடல். பொறுமையாக, பழக்கப்பட்ட காலால் மிதிப்பதுபோல.

குதிகாலைத் தரையில் ஊன்றிப் பலகையைத் தள்ளப் பார்த்தான். வண்டி ஆடியது. ஒரு ஸ்டாண்ட் சிமெண்டில் அரை விரல் அளவு நகர்ந்தது. அப்படியே நின்றுவிட்டான்.

முகத்துக்கு நேர் மேலே, கியர் லீவரைக் கழற்றிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக வண்டியின் உள்விளக்கு இவ்வளவு நேரமும் அவன் நெற்றியில் மஞ்சளாக விழுந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் அணைந்தது. விளக்கு அணையவில்லை. ஓட்டை அடைபட்டிருந்தது.

விரல்கள்.

கீழே விழுந்த நட்டைத் துழாவுவதுபோல, அவசரமில்லாமல். காற்றில் தேடின. இறங்கின. நெற்றியில் பட்டன. நின்றன. சில்லென்று இருந்தன. கட்டைவிரல் அவன் கன்னத்து எண்ணெயை மெதுவாகத் துடைத்துவிட்டது. இரண்டு வருஷத்தில் அவன் முகத்தைத் தொட்ட முதல் கை.

மூச்சை அடக்கிக்கொண்டான்.

அதே ஓட்டை வழியாக இரண்டாவது கை இறங்கியது. அவன் தாடையை ஏந்திக்கொண்டது.

பிறகு, மூன்றாவது.