மூடுபனியில் கூப்பிட்டது யார்?

பயமுறுத்தும் கதை என்றால் அத்தாயிக்குப் பலாச்சுளை மாதிரி. எவ்வளவு கிடைத்தாலும் போதாது. கொல்லிமலையின் குண்டூர் நாட்டில் அவளுடைய சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அடிவாரத்தில் மாமன் வீட்டில் தங்கி மூன்றாம் வகுப்பு வரை படித்திருந்தாள்.

அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். கொல்லிமலைக்கு பஸ் ஏது, ரோடு ஏது? சோளக்காட்டுச் சந்தைக்கு வியாபாரிகள் சுமையோடு நடந்தேதான் ஏறி வருவார்கள். அவர்களோடு ஒருநாள் நாச்சிமுத்து என்பவரும் வந்தார். உப்புக்காரருக்கும் கருவாட்டுக்காரருக்கும் நடுவே சாக்கை விரித்து நாவல்களைப் பரப்பினார். பாதி அவரே எழுதி, சொந்தச் செலவில் அச்சடித்தவை. மீதி அவரைப் போலவே துணிந்த நண்பர்கள் போட்டவை. துப்பறியும் கதை, காதல் கதை, பேய்க்கதை எல்லாம் இருந்தன. வாங்கத்தான் ஆளில்லை.

அத்தாயி மட்டும் எதிரே குந்திக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாச்சிமுத்துவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

"எடுத்துட்டுப் போ கண்ணு. படிச்சுட்டு எப்படி இருந்துச்சுன்னு அடுத்த சந்தையில சொல்லு, அது போதும்" என்றார்.

"நல்லா இல்லீன்னா?"

"நல்லா இல்லீன்னே சொல்லு."

அடுத்த சந்தையில் அத்தாயி ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். துப்பறியும் கதையில் சமையல்காரன்தான் திருடன் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டதாம். காதல் கதையில் எல்லோரும் அழுதுகொண்டே இருக்கிறார்களாம், ஒருவர்கூடச் சோறு தின்பதில்லையாம். நாச்சிமுத்து முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு தான் எழுதிய புதுப் பேய்க்கதையை அவள் கையில் கொடுத்தார்.

அந்தக் கதையில் வரும் பேய் இதே கொல்லிமலையில்தான் குடியிருந்தது. மூடுபனிக்குள் நின்று கூப்பிடும். பதில் சொன்னவர் மறுபடி வீடு திரும்ப மாட்டார். அவருடைய கம்பளி மட்டும் வழியில் கிடக்கும்.

ராகி அடிக்கும் களத்தில் உட்கார்ந்து, ஊரே கேட்க அத்தாயி அதை உரக்கப் படித்தாள். கரடியை விரட்டியதாகப் பெருமை பேசும் அவளுடைய அப்பா செங்கோடன்கூடக் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

வினை அங்கேதான் வந்தது. மலையில் பனி இறங்கினால் பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. வழி தவறியவர் "கூ" என்று குரல் கொடுப்பார். கேட்டவர் பகையாளியாக இருந்தாலும் பதில் குரல் கொடுத்தே ஆகவேண்டும். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு வழி தவறியவர் வந்து சேருவார். இதுதான் அங்கே காலகாலமான வழக்கம். ஆனால் அந்தக் கதையைக் கேட்ட பிறகு ஊரில் எவருக்கும் பதில் கொடுக்க வாய் எழவில்லை.

அடுத்த சந்தை நாளன்று விடிந்தும் பனி விலகவில்லை. ஊரில் யாரும் சந்தைக்குப் போகவில்லை. மதியம் அத்தாயியின் அம்மா கண்ணாயி கூழ் ஊற்றிக்கொண்டிருந்தபோது, ஒற்றையடிப் பாதையின் பக்கம் மெல்லிய குரல் கேட்டது.

"கூ..."

கண்ணாயி ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். செங்கோடன் வாயில் விரலை வைத்தார். அத்தாயிக்கு அந்தக் கதை நினைவுக்கு வந்தது. அப்படியே புத்தகத்தில் இருந்தபடிதான்!

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு பள்ளத்தின் விளிம்பில் நிற்கும் பலாமரத்துப் பக்கமிருந்து மறுபடி கேட்டது.

"கூ..."

அத்தாயி யோசித்தாள். நம்மைப் பிடிக்க வரும் பேய் வீட்டை நோக்கித்தானே வரும்? இது பள்ளத்தை நோக்கியல்லவா போகிறது! வழி தெரியாத மனுஷன்தான் அப்படிப் போவான்.

அவளுக்குப் பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் கதவைத் திறந்து, தொண்டை கிழிய "கூ..." என்று பதில் கொடுத்தாள். செங்கோடன் பதறி எழுந்து அவள் கையைப் பிடித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரும் குரல் கொடுத்தபடி கூடவே நடந்தார்.

பலாமரத்தின் வேரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தார் நாச்சிமுத்து. ஒரு செருப்பு பள்ளத்தில் போயிருந்தது.

அடுப்பருகே உட்கார வைத்துச் சூடாகக் கூழ் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. அத்தாயி சந்தைக்கு வராததால் வழி கேட்டு வந்தாராம்.

"புத்தகம் எப்படி இருந்துச்சு கண்ணு?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க. அது நல்லதுதான். ஆனா எங்க மலையில கூப்பிட்டா பதில் குடுக்கோணுங்க. உங்க கதையைக் கேட்டுட்டு ஒருத்தருமே குடுக்கலீங்க."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "மாத்தி எழுதறேன் சாமி."

"நல்லவேளை, பலாமரத்துக்கிட்ட இருந்து ரெண்டாவது தடவ கூப்பிட்டீங்க. இல்லீன்னா நீங்க இருந்த இடமே தெரிஞ்சிருக்காதுங்க."

நாச்சிமுத்து கூழ்ச்சட்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டாவது தடவயா? பாதையில நின்னு ஒரு தடவதான் கூப்பிட்டேன். வழுக்கி விழுந்ததும் நாக்கு ஒட்டிக்கிச்சு கண்ணு. வாயே தொறக்கல."

அடுப்பில் விறகு வெடித்தது. அத்தாயி அப்பாவின் கம்பளிக்குள் புகுந்துகொண்டாள். அவளுக்குப் பயமாகவும் இருந்தது, என்னவோ சந்தோஷமாகவும் இருந்தது.

"அப்படின்னா அந்தப் பேயையும் நீங்க தப்பாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள்.

அப்போது வெளியே, பனிக்குள், பலாமரத்துப் பக்கமாக அதே குரல் கேட்டது.

"கூ..."

கண்ணாயி எழுந்து போய்க் கதவை அகலத் திறந்தாள். நாலு பேரும் வாசலில் நின்று, ஒன்றாகப் பதில் குரல் கொடுத்தார்கள்.