சி7-இல் விழுந்த சிவப்பு

ஆஸ்பத்திரியில் எழுத்தராக அவள் வேலையில் சேர்ந்த முதல் நாள். காலை பத்து மணிக்கே அந்தப் பதிவறையில் மக்கிய காகித வாடை மூக்கைத் துளைத்தது. அவளுக்கு முன் இருபது வருடம் அந்த நாற்காலியில் இருந்த எழுத்தரம்மா, போன வாரம் கணினி முன்னாலேயே தலை சாய்ந்து இறந்துபோனாராம்.

"ஒண்ணும் பெரிய வித்தை இல்லைங்க," என்றாள் வார்டு நர்ஸ், கணினித் திரையில் விரிந்திருந்த அட்டவணையைக் காட்டி. "மேல இருக்கிற எழுத்து வார்டு. ஓரத்துல இருக்கிற எண் கட்டில். சி வார்டு ஏழாம் கட்டில்னா, சி7 கட்டத்தை கிளிக் பண்ணி பேரைப் போடுங்க. நீங்க தொட்ட கட்டம் பச்சையாத் தெரியும். வேற யாராச்சும் தொட்டா வேற நிறம், மேல அவங்க பேரு. இதே ஷீட் என் மேசையிலயும் ஓடும்."

நர்ஸ் போனதும் முதலில் டி9-ஐத் தேடினாள். அவளுடைய அக்கா பெயர் அங்கே இருந்தது. பித்தப்பை அறுவை முடிந்து மூன்று நாள்.

அப்போது சி7-ஐச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதன் தலையில் சின்னதாக ஒரு சொல்: எழுத்தர்.

தொலைபேசி அலறியது. சி வார்டிலிருந்து.

"சி ஏழு பேரை எடுத்துருங்க. இப்பதான் போயிட்டார். நல்லா பேசிட்டிருந்த மனுஷன்ங்க..."

சிவப்பு ஒரு படி இறங்கியது. சி8.

மறுபடி தொலைபேசி.

அவள் கை மடியில் இருந்தது. விசைப்பலகையில் அம்புக்குறி மட்டும் தானாக அமுங்கி எழுந்தது.

டக்.

சி9. மூன்றாவது அழைப்பை அவள் எடுக்கவில்லை.

டக்.

டி9.

அக்கா பெயரை வெட்டி, காலியாக இருந்த டி20-இல் ஒட்டினாள். சிவப்பு விடாமல் பின்னாலேயே வந்தது.

"நான் உங்களுக்கு என்ன பண்ணினேன்?" என்று திரையைப் பார்த்துக் கேட்டாள்.

பக்கத்துக் கட்டத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

என் நாற்காலி.

துள்ளி எழுந்தாள். மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை செத்தது. காலி நாற்காலி மெல்ல உருண்டு மேசையோடு ஒட்டிக்கொண்டது.

டி வார்டுக்கு ஒரே ஓட்டம். அக்கா தலையணையில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி இப்படி மூச்சு வாங்குற? பேயறைஞ்ச மாதிரி!"

அவள் அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

வாசலோர மேசையில், காலையில் சொல்லிக்கொடுத்த அதே நர்ஸ் தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நீங்க இங்க இருக்கீங்க... அப்ப ஷீட்ல யாரு?" என்றாள் மெதுவாக. "ஒரு கட்டம் விடாம எல்லாமே சிவப்பா இருக்கே."