தோல் காயும் புகையறை

குளிக்கும்போதுதான் பெட்ஸி கவனித்தாள். இடது முழங்காலில் இருந்த தழும்பைக் காணவில்லை. வலது காலோ என்று அதையும் தடவினாள். அங்கும் இல்லை. தடவியது காலுக்கும் தெரியவில்லை, கைக்கும் தெரியவில்லை.

"இச்சாயா, என் முட்டியில ஒரு தழும்பு இருந்துச்சே, எப்படி வந்துச்சு?"

"என்னைக் கேக்குறியா? சைக்கிளோட போய்ப் பள்ளிக்கூட மதில்ல மோதினேன்னு நீதான் ஆயிரம் தடவ சொல்லியிருக்க," என்றான் கணவன் சாபு. "மறுபடி ஆரம்பிச்சுடாத, தாயே."

அவளுக்குச் சைக்கிளும் நினைவில்லை, மதிலும் நினைவில்லை.

கேரளத்துப் பாலா ஊர்க்காரர்களெல்லாம் ரப்பர் மரத்துப் பாலை ஷீட்டாக்கி விற்க, பெட்ஸி மட்டும் அதைத் தன் உடம்பில் பூசிக்கொள்வாள். காய்ந்ததும் பவுடர் தூவி உரித்தால் ரேகையும் வடுவும் மயிர்க்காலும் பதிந்த ரப்பர்த் தோல் முழுசாகக் கழன்று வரும். அதை, ஷீட்டுகளைப் புகைபோட்டு உலர்த்தும் வீட்டுப் புகையறையில் மற்ற ஷீட்டுகளோடு தொங்கவிடுவாள். கொச்சிக் கலைக் கண்காட்சிக்கு ஒரு பெண்ணின் உடம்பு. கால்கள், முதுகு, கைகள் முடிந்துவிட்டன, பாக்கி வயிறு மட்டும்தான்.

பயந்திருக்க வேண்டும். பயம் வரவில்லை. அந்தக் கைகளில் தலைவைத்துத்தான் அவள் அம்மா இறந்தாள். அன்றிலிருந்து பெட்ஸிக்குச் சரியான தூக்கம் கிடையாது. கைகளை உரித்த அன்றுதான் அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள். கலை ஆறுதல் தருகிறது என்று அசட்டுத்தனமாகப் பெருமைப்பட்டாள். இப்போது அம்மாவை நினைத்துப் பார்த்தாள். அம்மா என்ற சொல் இருந்தது. முகம் இல்லை.

அடிவயிற்றில் மகள் எவ்லினை வெட்டியெடுத்த தழும்பு இருக்கிறது.

"வயிறு வேண்டாம். கண்காட்சியே வேண்டாம்," என்றாள். "எவ்லின் அதுலதான் இருக்கா."

"எவ்லின் அடுக்களைல கஞ்சி குடிச்சுட்டு இருக்கா. அஞ்சு வயசாச்சு அவளுக்கு," என்று சிரித்துவிட்டு சாபு குடையை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பினான்.

குழந்தை ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது. அணைத்த கைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வயிற்றில் மட்டும், கன்னம் பதிந்த இடத்தில், கஞ்சிச் சூடு தெரிந்தது. இது போதும், இதை மட்டும் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டு பெட்ஸி அப்படியே நின்றாள்.

மழை ஓட்டில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த மதியத்தில், ஈர விறகும் பழைய புகையும் கலந்து வீடெங்கும் கமழ, கட்டிலில் சாய்ந்தவள் கண்ணயர்ந்துவிட்டாள். மூக்கை அரிக்கும், ரப்பர் பாலின் அம்மோனியா நெடியில் விழித்தாள். அடிவயிறு சில்லென்றிருந்தது. மின்விசிறிக்கடியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள்?

தூரிகை மேலும் கீழும் போய்வந்தது. பிடித்திருந்தது அவள் கை.

நிறுத்து என்று நினைத்தாள். கை நிற்கவில்லை. ஓடப் பார்த்தாள். கால் நகரவில்லை. "இச்சாயா," என்றாள். மழைச் சத்தம். பால் காய்ந்து மஞ்சளானது. பவுடர் டப்பாவை மற்றொரு கை திறந்தது. விளிம்பை நகத்தால் கிள்ளியது. இழுத்தது.

வலிக்கவில்லை.

பிறகு கால்கள் புகையறைக்குப் போய்த் திரும்பின. நாற்காலியில் உட்கார்ந்து மழையைப் பார்த்தாள். மனசு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. சாயங்காலம், தோட்டத்துப் பக்கம் யாரோ பேசும் குரல் கேட்டு எழுந்து போனாள்.

புகையறைக் கதவு திறந்திருந்தது. மூங்கில்களில் கால்கள், முதுகு, கைகள். நடுவில் வயிறு, புடைத்தும் தாழ்ந்தும், மூச்சு வாங்கிக்கொண்டு. அதில் கன்னம் சாய்த்து ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள்.

"அம்மே, வாசல்ல யாரோ வந்து நிக்கிறாங்க," என்றாள் அந்தத் தோலிடம்.

யார் வீட்டுக் குழந்தையோ, இந்தப் புகையில் நிற்கிறதே என்று பெட்ஸிக்குத் தோன்றியது. கூப்பிடலாமென்றால் பெயர் தெரியவில்லை. ரப்பர்க் கை ஒன்று மெல்ல இறங்கிக் குழந்தையின் தலையைக் கோதி அணைத்துக்கொண்டது. இன்னொன்று நீண்டு வந்து, பெட்ஸியின் முகத்துக்கு நேரே, கதவைச் சாத்தியது.