தானாகப் பூட்டாது

குளித்துவிட்டு வந்து பார்த்தபோது லேப்டாப்பின் திரை பூட்டியிருந்தது.

வெங்கடசுப்பிரமணியன் ஈரத் துண்டோடு கூடத்தில் நின்றார். நீலத் திரையின் நடுவில் பத்மாசினி என்ற பெயரும், அதன் கீழே கடவுச்சொல் கேட்கும் வெள்ளைக் கட்டமும் மட்டும் இருந்தன. அந்தச் சொல் அவருக்குத் தெரியாது. தெரிந்த அவர் மனைவி ஆடியில் இறந்துபோனாள். பார்வையற்ற பிள்ளைகளுக்காக அவள் பாடப்புத்தகங்களை வாசித்துப் பதிவுசெய்து வைத்திருந்த லேப்டாப் அது. அவள் குரல் என்று மிஞ்சியிருந்தது அதற்குள் இருந்தது மட்டும்தான். அவள் மயங்கி விழுந்த அன்று அது திறந்தே கிடந்தது. கூடத்தில் அவளைக் கிடத்தியிருக்க, உறவுக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருக்க, திரை பூட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவர் விடியும்வரை மவுஸை அசைத்துக்கொண்டே இருந்தார். பொழுது விடிந்ததும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் நைனா முகமதுவை வரவழைத்து, எவ்வளவு நேரம் சும்மா கிடந்தாலும் அணையாதபடி, பூட்டாதபடி செய்துவிட்டார். அதன்பிறகு அவர் அதை மூடியதே இல்லை.

நைனாவுக்குப் போன் போட்டார்.

"நான்தான் எல்லாத்தையும் எடுத்துவிட்டேனே சார். அது தானா பூட்டாது."

"பூட்டியிருக்கே நைனா."

"யாராச்சும் கையால பூட்டுனாத்தான் உண்டு. வீட்டுல வேற யாரும் இருக்காகளா?"

"நான் மட்டும்தான்."

"ஆஃப் மட்டும் பண்ணிராதீக சார். எழுமலைல ஒரு வேலையா இருக்கேன். காலைல வாரேன்."

அவர் கொல்லைக் கதவைப் போய்ப் பார்த்தார். உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. வெளியே ஐப்பசி மழை சன்னமாகப் பெய்துகொண்டிருக்க, திருமங்கலம் சாலையில் போகும் லாரிகளின் இரைச்சல் ஈரத்தில் ஊறிக் கனத்து வந்து, திருநகர் வீடுகளின் சுவர்களில் மோதி அடங்கிக்கொண்டிருந்தது. விளக்குப் போடும் நேரம் ஆகியும் அவருக்குப் போடத் தோன்றவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்தார். சாத்தியே கிடந்த படுக்கையறைப் பக்கமிருந்து காயாத துணியின் வாடை வந்தது. அவர் அங்கே துணி எதுவும் போடவில்லை.

அப்போது கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தது.

விசைப்பலகையில் ஒரு விசை அமுங்கி எழுந்தது. இன்னொன்று அமுங்கியது. கண்ணுக்குத் தெரியாத விரலொன்று தேடித் தேடித் தட்டுவதுபோல, புள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. அவருக்கு முதலில் பயம் வரவில்லை.

"பத்மா?"

கடவுச்சொல் தவறு என்றது திரை.

மறுபடி புள்ளிகள். மறுபடி தவறு. மறுபடியும்.

அவள் வைத்த சொல் அவளுக்கு எப்படி மறக்கும்?

அடுத்த தடவை திறந்துகொண்டது.

ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் தானாக ஓடத் தொடங்கியது. அவள் குரல். "பாத்திரத்தின் மூடியைத் திற. உள்ளே கை வைத்துப் பார். ஈரம் தெரிகிறதா?" நின்றது. பின்னுக்குப் போனது. "திற." நின்றது. "திற." யாரோ ஒருவர் காதைக் கிட்டே வைத்து மனப்பாடம் பண்ணுவதுபோல, அந்த ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப.

பிறகு படுக்கையறைக்குள்ளிருந்து வந்தது.

"திறஅ."

அவள் குரல்தான். ஆனால் சொல் எங்கே முடியவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

"உள்ளே பார். தெரிகிறதா?"

பத்மாசினி அவரிடம் தமிழில் பேசியதே கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக்குள் இருவருக்கும் சௌராஷ்டிரம்தான். அவள் போனபின் அந்த மொழியில் அவரோடு பேச இந்த வீட்டில் ஆள் இல்லை. எழுந்து ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. சாத்திய கதவைப் பார்த்து, சௌராஷ்டிரத்தில், மெதுவாகக் கேட்டார்:

"உள்ளே குளிரலையா உனக்கு?"

உள்ளே யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அது போதுமாக இருந்தது. ரசம் ஒரு நாளும் சரியாக வரவில்லை என்றார். மகன் போன் பண்ணினால் இரண்டு வார்த்தைதான் என்றார். கூடத்தில் படுத்தால் தூக்கம் வருவதில்லை, அறைக்குள் வரவும் மனசு இல்லை என்றார். மூன்று மாதமாகத் தேங்கிக் கிடந்த பேச்செல்லாம் அழுகையோடு கொட்டியது. கொட்டக் கொட்டக் குரல் மெலிந்துகொண்டே போனது.

தற்செயலாகத் திரையைப் பார்த்தார்.

குரல் பதியும் சின்னக் கட்டம் திறந்திருந்தது. சிவப்பு வட்டம் எரிந்தது. அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் பச்சைக் கோடு துள்ளியது.

வாயை மூடினார்.

கோடு நேரானது. சிவப்பு வட்டம் அணைந்தது.

உள்ளே ஒரு இருமல். அவருடைய இருமல்.

"குளிரலையா உனக்கு?" என்றது அவருடைய குரல், கதவுக்கு அந்தப் பக்கம்.

"குளிருது," என்றாள் பத்மாசினி. சௌராஷ்டிரத்தில். இப்போது பிசிறே இல்லை.

கட்டில் முனகியது. இருவர் உட்கார்ந்த சத்தம். அவள் எதையோ கேட்டாள். அவர் குரல் சொன்னது. ரசத்தைப் பற்றி. மகனைப் பற்றி. அவள் சிரித்தாள்.

வெங்கடசுப்பிரமணியன் எழுந்துபோய்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார். உதடு அசைந்தது. நெஞ்சு விம்மியது. காற்றுகூட வரவில்லை. திரையில் சிவப்பு வட்டம் மறுபடி எரிந்தது. அவர் கத்தினார். மறுபடி கத்தினார்.

பச்சைக் கோடு அசையவில்லை. உள்ளே இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.